கட்டுச்சோறும் பரோட்டாப் பொட்டலமும்

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போவதென்று முடிவானதும் எங்கள் நண்பர்களுக்குள் முதலில் எழும் பேச்சு சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஏறக்குறைய 460 கி.மீ. தூரம். காலை இட்லி திண்டிவனத்திலா விழுப்புரம் தாண்டியா, மதியம் எதைத் தொட்டுக்கொண்டால் இரவு மதுரையில் வயிறு ஒத்துழைக்கும் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவோம். மேலூர்ப் பக்கத்தில் பிறந்த நண்பன் மட்டும் இதில் கலந்துகொள்ள மாட்டான். “மதுரை வர்ற வரைக்கும் வயித்தக் காலியா வைங்கடா” என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும். இத்தனை பேச்சிலும் ஒருவர் வாயிலும் வராத யோசனை ஒன்று உண்டு. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகலாமே என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் பாட்டிமார் காலத்தில் அதுதான் முதலில் தோன்றியிருக்கும். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த புளியோதரை, வாழையிலையில் பொதிந்த தயிர்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ரயில் பெட்டியில் அந்தப் பொட்டலம் பிரியும்போது எழும் வாசனையைப் பற்றித் தமிழில் உருகி எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தப் புளியோதரையை நானும் நேசித்தவன்தான். ஆனால் பொட்டலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழியில் கடைகள் குறைவு, உண்மைதான். வேறு சாதியார் கைபட்டதைத் தின்னக் கூடாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. புளி சோற்றைக் கெடாமல் காத்தது. பொட்டலம் ஆசாரத்தைக் காத்தது. சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டவர்களும் கஞ்சியோ களியோ கட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். காசு கொடுத்தாலும் அவர்களை உட்காரவைத்துச் சோறு போடும் கடை இருக்கவில்லை.

ஆகவே வெவ்வேறு வீடுகளில் பிறந்த நாலு பேர் ஒரு காரில் ஏறி, எங்கே சேர்ந்து சாப்பிடுவது என்று சண்டை போட்டுக்கொண்டே போகிற இந்தக் காரியம் நமக்கு மிக அண்மையில் வாய்த்தது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். மேலூர்க்காரன் சிரிக்க மாட்டான்.

நாற்கரச் சாலை வந்தபின் ஊர்களெல்லாம் ஒதுங்கி நின்றுவிட்டன. உளுந்தூர்பேட்டையும் பெரம்பலூரும் பச்சைப் பலகைகளில் வந்து போகின்றன. ஊருக்குள் இருக்கும் பழைய டிபன் கடைகளைத் தேடிப் போக வேண்டுமென்றால் சாலையைவிட்டு இறங்க வேண்டும், இறங்க யாருக்கும் மனமில்லை. புறவழிச்சாலை ஓரத்துக் கடைகள் எங்கும் ஒரே முகத்தோடு இருக்கின்றன. கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது மட்டும் வண்டிக்குள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறோம். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

திருச்சி தாண்டி விராலிமலை வந்ததும் கொடும்பாளூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லி நான் அடம்பிடிப்பேன். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் இன்று எஞ்சி நிற்பவை இரண்டு விமானங்கள்தாம். கல்வேலைக்காக அங்கே போகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இடம் வேறு காரணத்துக்காக முக்கியம். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு வழி கேட்கிறார்கள். வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையவன், கொடும்பாளூர் ஏரிக்கரையில் பாதை மூன்றாகப் பிரிகிறது என்று சொல்லி ஒவ்வொன்றையும் விவரிக்கிறான். வலப்பக்க வழியில் சிறுமலை. இடப்பக்க வழியில் திருமால்குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை. நடுவழியில் சோலையும் ஊரும் உண்டு, ஆளை மயக்கும் கானுறை தெய்வமும் உண்டு. ஒரு பயணத் துணைநூலின் நிதானத்தோடு இளங்கோ இதைச் சொல்லிக்கொண்டு போகிறார். இன்றைக்கும் நத்தம் வழியாக மதுரைக்கு வருகிறவர்களுக்கு வலப்புறம் சிறுமலை நிற்கிறது. நாங்கள் போகும் மேலூர்ச் சாலையில் அழகர்மலை வெகுநேரம் கூடவே வருகிறது. தமிழில் இத்தனை துல்லியமாகச் சொல்லப்பட்ட பழைய சாலைப் பயணம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துணையோடு நடந்து போய், அந்த ஊரைப் பார்த்து வியந்து, அந்த ஊராலேயே கொல்லப்பட்டவனின் பயணம் அது.

அந்தப் பயணத்தின் கடைசிச் சாப்பாட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மதுரைக்கு வெளியே ஆயர் பாடியில் மாதரியின் வீட்டில் கோவலனும் கண்ணகியும் தங்குகிறார்கள். கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லற நோன்பு பூண்டவன். ஆகையால் சமைக்கக் கலங்களைக் கொடுங்கள் என்று கேட்கப்படுகிறது. ஆய்ச்சியர் பலாக்காயும் வெள்ளரியும் மாம்பழமும் வாழைப்பழமும் அரிசியும் பாலும் நெய்யும் மோரும் கொண்டுவந்து தருகிறார்கள். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். விரல் சிவக்கக் காய் அரிந்து, கண் சிவக்கப் புகையில் நின்று சமைப்பவள் கண்ணகி. செல்வ வணிகரின் மகள் தன் கையால் ஆக்கிக் குருத்து இலையில் பரிமாற, கோவலன் உண்டு, வெற்றிலை போட்டு, சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். இந்தக் காட்சியைக் கணவன் மனைவி அன்பின் உச்சமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் கண் அந்த வீட்டுக்காரியிடமே போய் நிற்கிறது. மாதரி மனம் நிறைந்து விருந்தினரை ஏற்றவள். இருப்பதையெல்லாம் கொடுத்தவள். ஆனாலும் தன் அடுப்பில் தான் ஆக்கிய சோற்றை அவளால் அவர்களுக்குப் போட முடியவில்லை. நோன்பு காரணம், சாதி இல்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனாலும், அரிசியும் பாத்திரமும் கொடுத்து ‘நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள்’ என்கிற அந்த விருந்தோம்பல் நம் நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு நீடித்திருக்கிறது. அதற்கெல்லாம் நோன்பு காரணமாக இருந்ததில்லை.

துவரங்குறிச்சி தாண்டினால் மண்ணின் நிறம் மாறுகிறது. கொட்டாம்பட்டிக்கும் மேலூருக்கும் இடையில், சாலையை ஒட்டியே தும்பைப்பட்டி. கக்கன் பிறந்த ஊர். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் கக்கன். பின்னாளில் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சரானவர். எளிமைக்காக இன்றும் பேசப்படுகிறவர். அந்த எளிமையை மட்டும் பேசிப் பேசி, தடுக்கப்பட்ட வாசலைத் தாண்டிய அவருடைய துணிவை நாம் மறந்துபோனது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் மேலவளவுக்குப் பிரியும் பக்கம் வருகிறது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்ற முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அப்போது எங்கள் நண்பன் பள்ளிச் சிறுவன். அந்தப் பேருந்துத் தடத்தில்தான் அவன் பள்ளிக்கூடம் போய்வந்தான். இந்த இடம் வரும்போது அவன் ஒன்றும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவர் அதன் ஒலியைக் குறைத்துவிடுவார். பிறகு மேலூர் வந்துவிடும்.

மதுரைக்குள் நுழைவதற்குச் சரியான நேரம் இரவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பகலில் அது நெரிசலும் புழுதியுமான ஊர். விளக்கு வைத்தபின் அதற்கு வேறு உயிர் வருகிறது. கல் சூடேறுகிற வாசனை, மல்லிகை, எரிந்த எண்ணெய், வெங்காயம், சாக்கடை எல்லாம் கலந்த ஒரு காற்று. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் இந்த ஊர் வெளி வீதிகளோடு ஒருகாலத்தில் முடிந்துபோயிருந்தது. அங்கே கோட்டைச்சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இடிக்கவும் தூர்க்கவும் முன்வந்தவர்களுக்கே நிலம் கிடைத்தது. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் வீதிகளாக இருக்கிறார்கள். பிளாக்பர்னுக்காக நட்ட விளக்குத்தூணின் பக்கத்தில் நின்றுகொண்டு நாம் ஜிகர்தண்டா குடிக்கிறோம். சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரியும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீமும். சுவர் விழுந்ததில் ஊருக்குக் காற்று வந்தது என்பார்கள். சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களும் அதோடு உள்ளே வந்தார்களா என்பது தனிக் கேள்வி.

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். யார் தூங்கவில்லை என்று பார்த்தால் அந்தப் பெருமைக்கு உடல்கள் கிடைக்கும். கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்கள். விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுவருகிறவர்கள். ஒருகாலத்தில், ஹார்வி மில் என்று ஊர் அழைத்த மதுரா மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள். இரவில் உழைக்கிறவனுக்கு இரவில்தான் பசிக்கும். நடுநிசி இட்லியும் குடல் குழம்பும் ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியும் அவர்களுடைய பசிக்காக உருவானவை. எங்களைப் போன்று ருசி தேடி வருகிறவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் பகலங்காடியையும் இரவங்காடியையும் பாடியிருக்கிறார். அதில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் நள்ளிரவில் மெல்லடையும் மோதகமும் விற்கும் கூவியர். சரக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். அரசனையும் போரையும் செல்வத்தையும் பாட வந்த 782 அடிப் பாட்டில், தூக்கம் கண்ணைச் சுழற்றும் பலகார வியாபாரியைப் பார்க்க அந்தப் புலவனுக்குக் கண் இருந்தது. தள்ளுவண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசி ஈடு வேகும் வரை கண்ணை மூடிக்கொள்ளும் இட்லிக்கடை அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மருதனார் நினைவுதான் வரும்.

பரோட்டாக் கடை பெஞ்சில் உட்காருகிறோம். எவர்சில்வர் தட்டின் மேல் வாழையிலைத் துண்டு. மாஸ்டர் அடித்துக் குவித்த பரோட்டா சூடாக விழுகிறது. வாளியோடு வரும் பையன் யாரையும் கேட்காமல் சால்னாவை ஊற்றிக்கொண்டே போகிறான். இடப்பக்கம் உட்கார்ந்தவர் ஆட்டோக்காரர், வலப்பக்கம் ஒரு கல்லூரி மாணவன், எதிரே கைக்குழந்தையோடு குடும்பம். என் முழங்கை பக்கத்துக்காரர் மேல் படுகிறது, அவர் முழங்கை என் மேல் படுகிறது. யார் எவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொத்துக் கரண்டிகளின் சத்தத்தில் கேட்டாலும் காதில் விழாது. இந்த ஒரு பெஞ்சுக்காகத்தான் நான் மதுரைக்கு வருகிறேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இது எப்படி வந்தது என்று பாருங்கள். பழைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. 1925இல் பெரியார் அக்கட்சியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று ஒதுக்கியிருந்த இடம் 1941இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிப்பதற்கு 1957இலும் சென்னையில் மறியல் வேண்டியிருந்தது. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், ஓட்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லி, அங்கே நுழைய எந்தக் குடிமகனையும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. சாலையையும் ஓட்டலையும் சட்டம் எழுதித்தான் பொதுவாக்க வேண்டியிருந்த நாட்டில், நாங்கள் அந்தச் சாலையில் வந்து இந்த ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறோம். மூளைக்குத் தெரிந்த இந்தச் செய்தி நாக்குக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மதுரை இதில் முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கறிதோசை தின்னப் போனாலும் சரி, வேறு மெஸ்ஸுக்குப் போனாலும் சரி, பல இடங்களில் பலகையில் சாதிப்பெயர் இருக்கும். ஒருகாலத்தில் பெயர்ப்பலகை யார் உள்ளே வரலாம் என்று சொல்லியது. இப்போது என்ன கைப்பக்குவம் கிடைக்கும் என்பதைத்தான் சொல்கிறது என்று கடைக்காரர்கள் விளக்குவார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன். மேலூர்க்காரன் ஒரு நாள் எலும்பைக் கடித்துக்கொண்டே அமைதியாகச் சொன்னான்: “சரிடா, ருசிக்குத்தான் பேருன்னா எங்க சாதிப் பேர்ல ஒரு மெஸ் காட்டு. எங்க ஆளுக சமைக்காமயா இருக்காக இந்த ஊர்ல?” மேசையில் யாரிடமும் பதில் இல்லை. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி விலாஸ் முதலாளிகள் ஆண்டுதோறும் கூடிப் பொங்கும் ஆட்டுக்கறி பிரியாணியைப் பற்றி, சாமியின் பெயரைப் பலகையில் வைத்த அந்த வழக்கத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். அவன் புன்னகையோடு கேட்டுக்கொண்டான். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இத்தனை வருஷ நட்பில் அவன் எங்களைச் சந்தித்ததெல்லாம் கடைகளிலோ எங்கள் வீட்டிலோதான். மேலூர் பஸ் நிலையத்து டீக்கடை, மதுரை மெஸ், சென்னையில் எங்கள் வீடு. அவன் ஊருக்குள் கூட்டிப்போனதில்லை. நாங்கள் கேட்கும்போதெல்லாம் வீட்டில் வேலை நடக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வான். இந்தப் பயணத்தில் அவனே கூப்பிட்டான். மறுநாள் காலை நகரத்து இட்லியை விட்டுவிட்டு, கண்மாய்க்கரை வழியாக அவன் வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு, முன்னால் வேம்பு, தார்ப்பாய் விரித்த திண்ணை. அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்கய்யா, வாங்க” என்றார். பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, இலை போட்டார். பிறகு மேலூரிலிருந்து ஆள் அனுப்பி வாங்கிவைத்திருந்த பரோட்டாப் பொட்டலங்களையும் பாலித்தீன் பையில் சால்னாவையும் கொண்டுவந்து வைத்தார். அவரே பிரிக்கக்கூட இல்லை. இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

நண்பனின் முகம் இறுகிவிட்டது. அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, விருந்தாளிக்கு வேறொன்று. எழுபது வயது வாழ்க்கை அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது. யாராவது முகம் சுளித்துவிட்டால் தன் மகன் மனம் நோகுமே என்கிற எச்சரிக்கை அது. மாதரிக்கும் இவருக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வண்டி ஓட்டிவந்த நண்பர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அம்மா, ராத்திரியெல்லாம் பரோட்டாதான் தின்னோம். அந்தக் குழம்ப ஊத்துங்கம்மா.” அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. சோறு கொஞ்சம் குழைவு. முதல் கரண்டியை ஊற்றும்போது அவர் கை தயங்கியது. இரண்டாவது கரண்டிக்குத் தயங்கவில்லை. “உப்பு கம்மியா இருக்குமே, எனக்கு பிரஷருன்னு கொறச்சுத்தான் போடுறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நான் நண்பனிடம் ஏதோ நெகிழ்ந்து பேசப் போனேன். அவன் என்னை நிறுத்தினான். “நீங்க சாப்பிட்டதப் பெருசாப் பேசாதீங்கடா. அது உங்களுக்கான சோதனை இல்ல. எங்கம்மா பயப்படாம ஒரு தடவ பரிமாறணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.” கண்மாய்ப் பக்கம் பார்த்தபடி சொன்னான். அவன் சொன்னதில் திருத்த எனக்கு எதுவும் இல்லை.

பரோட்டாப் பொட்டலங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின. புறப்படும்போது அந்த அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். “வீட்டுச் சோறு திங்கிறவுகன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கோழிய அடிச்சிருப்பேன்ல. வெறுங்கருவாட்டப் போட்டு அனுப்புறேன் பாரு.” அடுத்த முறை இரண்டு கோழி என்று ஓட்டுநர் நண்பர் விரலைக் காட்டினார். “வாங்கய்யா, நாலா அடிப்போம்” என்றார் அவர்.